நாய் இழுக்கிறதா? அடிக்காதீர்கள், நில்லுங்கள்!

காலை 6 மணி. தெருவில் ஒருவர் ஓடுகிறார்.

உடற்பயிற்சிக்காக அவர் ஓடவில்லை. ரெயிலைப் பிடிக்கவும் ஓடவில்லை. அவர் கையில் ஒரு கயிறு. கயிற்றின் மறு முனையில் ஒரு நாய். நாய் முன்னே பாய்கிறது. மனிதர் பின்னே இழுபடுகிறார். ஒரு கால் செருப்பு எங்கோ கழன்று போய்விட்டது.

"என்ன சார்! நாயை நீங்கள் அழைத்துப் போகிறீர்களா? நாய் உங்களை அழைத்துப் போகிறதா?" என்று டீக்கடை வாசலில் நிற்பவர் கேட்கிறார். சுற்றி நிற்பவர்கள் சிரிக்கிறார்கள்.

பார்ப்பவர்களுக்கு இது வேடிக்கை. கயிற்றைப் பிடித்தவருக்கோ வேதனை!

இது வேடிக்கை மட்டும் அல்ல, ஆபத்தும் கூட. நாய் திடீர் என்று பாய்ந்தால், வயதானவர் தடுமாறி விழுவார். விழுந்தால் இடுப்பு எலும்பு முறியலாம். சிறுவன் கையில் கயிறு இருந்தால், நாய் அவனை நடுத்தெருவுக்கே இழுத்துப் போய்விடும். எதிரே மோட்டார் சைக்கிளில் வருபவர் நாயைக் கண்டு மிரண்டு, வண்டியோடு சாய்வதும் உண்டு.

கடைசியில் தண்டனை யாருக்கு? நாய்க்குத்தான்!

"இதை இனி வெளியே கொண்டு போக வேண்டாம்" என்று வீட்டில் முடிவு செய்கிறார்கள். கொல்லைப்புறத்தில் சங்கிலி போட்டுக் கட்டுகிறார்கள். கட்டிப்போட்ட நாய் மேலும் முரடாகிறது. பிறகு ஒரு நாள், "யாராவது கேட்டால் கொடுத்துவிடலாம்" என்ற பேச்சு எழுகிறது. "அப்போதே சொன்னேனே, நாய் வேண்டாம் என்று! யார் கேட்டீர்கள்?" என்கிறார் பாட்டி. குட்டியாக வந்தபோது மடியில் தூங்கிய நாய், வீட்டை விட்டே வெளியேறுகிறது.

இதைத் தடுக்க முடியுமா? முடியும். பலம் வேண்டாம். பிரம்பு வேண்டாம். பொறுமை வேண்டும். கொஞ்சம் கோழிக்கறியும் வேண்டும்!

உடம்பு பெரிசு, புத்தி சிறிசு

இழுக்கும் நாய்களைப் பாருங்கள். அநேகமாக அவற்றுக்கு வயது 6 மாதத்திலிருந்து 2 ஆண்டுக்குள் இருக்கும்.

இது நாயின் வாலிபப் பருவம். உடம்பு முழு நாய் போல வளர்ந்துவிடும். புத்தி இன்னும் குட்டியாகவே இருக்கும். மீசை முளைக்கும் வயதில் பையன்கள் அப்பா சொல்வதைக் கேட்கிறார்களா? நாயும் அப்படித்தான்.

இது வெறும் வேடிக்கைப் பேச்சு அல்ல. இங்கிலாந்தில் நியூகாசில் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், மற்ற ஆராய்ச்சியாளர்களுடன் சேர்ந்து, இதைச் சோதித்துப் பார்த்து, 2020-ம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். 5 மாதத்தில் "உட்கார்" என்றால் உட்கார்ந்த நாய்கள், 8 மாதத்தில் வளர்ப்பவர் சொல்லைக் கேட்க மறுத்தன. ஆனால் அந்நியர் சொன்னபோது, அதே நாய்கள் அவ்வளவு அடம் பிடிக்கவில்லை!

ஆகவே, "என் நாய் கெட்டுப் போய்விட்டது" என்று மனம் உடைய வேண்டாம். இது ஒரு பருவம். இந்தப் பருவம் கடந்து போகும். ஆனால் இப்போது படிகிற பழக்கம் மட்டும் போகாது. அதனால்தான் இந்த வயதில் பாடம் அவசியம்.

நாய் ஏன் இழுக்கிறது?

நாய்க்கு நம் மீது கோபமா? இல்லை. நம்மை அடக்கி ஆள வேண்டும் என்ற எண்ணமா? அதுவும் இல்லை. காரணங்கள் மிகச் சாதாரணமானவை.

முதல் காரணம், நாய்க்கு நான்கு கால், நமக்கு இரண்டு. நாம் நடக்கும் வேகம், இளம் நாய்க்கு நத்தை வேகம்.

இரண்டாவது காரணம், மூக்கு. நாயின் மோப்ப சக்தி நம்மைவிடப் பல மடங்கு அதிகம். நாம் படிக்கும் பத்திரிகை காகிதத்தில் இருக்கிறது. நாய் படிக்கும் பத்திரிகை விளக்குக் கம்பத்தின் அடியில் இருக்கிறது! அங்கே யார் வந்தார்கள், எப்போது போனார்கள் என்பதை எல்லாம் அது முகர்ந்து அறிய விரும்புகிறது.

மூன்றாவது காரணம்தான் முக்கியம். இழுத்தால் பலன் கிடைக்கிறது!

நாய் கம்பத்தை நோக்கி இழுக்கிறது. நாமும் பின்னாலேயே போகிறோம். கம்பம் கிடைத்துவிடுகிறது. "இழுத்தால் நினைத்த இடத்துக்குப் போகலாம்" என்று நாய் பாடம் படித்துக்கொள்கிறது. பாடம் சொல்லிக் கொடுத்த ஆசிரியர் யார்? நாம்தான்!

அமெரிக்காவில் தார்ண்டைக் என்று ஓர் அறிஞர் இருந்தார். அவர் பூனைகளைக் கூண்டில் அடைத்தார். வெளியே மீன் வைத்தார். பூனை எப்படி எப்படியோ முயன்றது. தற்செயலாக ஒரு நெம்புகோலை மிதித்தது. கதவு திறந்தது. மீன் கிடைத்தது. அடுத்தடுத்த முறை, பூனை மேலும் மேலும் சீக்கிரமாக நெம்புகோலை மிதித்தது.

1898-ல் அவர் வெளியிட்ட ஆராய்ச்சி இது. எதைச் செய்தால் பலன் கிடைக்கிறதோ, அதைப் பிராணி மறுபடியும் செய்யும். பலன் கிடைக்காததை மெல்ல மெல்ல விட்டுவிடும். நாயைப் பழக்கும் வித்தை முழுவதும் இந்த இரண்டு வரிகளில் அடங்கி இருக்கிறது.

பிறவிக் குணமும் உண்டு

எல்லா நாயும் ஒரே மாதிரி இருக்காது. எந்த வேலைக்காக அந்த இனத்தை வளர்த்தார்களோ, அந்தக் குணம் ரத்தத்தில் இருக்கும்.

நம் ஊர் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி நாய்கள் வேட்டைக்குப் பெயர் பெற்றவை. கண்ணால் இரையைக் கண்டதும் அம்பு போலப் பாயும் நாய்கள் இவை. ராஜபாளையம் நாயைப் பெருமைப்படுத்தி, 2005-ல் இந்திய அரசு தபால் தலையே வெளியிட்டது. அப்படிப்பட்ட நாய், தெருவில் ஓடும் பூனையைப் பார்த்துவிட்டுச் சும்மா நிற்குமா?

லாப்ரடார் நாய் கனடாவின் நியூபவுண்ட்லாந்து தீவில் மீனவர்களிடம் வளர்ந்த நாய்களின் வழிவந்தது. நீரில் குதித்து, சொன்ன பொருளைக் கொண்டுவரும் வேலை அதற்கு. வளர்ந்த ஆண் லாப்ரடார் 30 கிலோ, அதற்கு மேலும் இருக்கும். அது பாய்ந்தால், ஒரு மூட்டை அரிசி கையை விட்டு ஓடுவது போலத்தான்!

ஜெர்மனியின் ராட்வைலர், கறிக்கடைக்காரர்களின் வண்டியை இழுத்த நாய். சைபீரியாவின் ஹஸ்கி, பனியில் சறுக்கு வண்டியை இழுத்த நாய். இழுப்பதற்கென்றே வளர்த்த இனங்கள், கயிறு கட்டியதும் இழுப்பதில் ஆச்சரியம் என்ன?

ஆகவே, நாயின் இனத்தை அறிந்துகொள்ளுங்கள். அதைத் திட்டுவது குறையும். பாடம் சொல்லித்தருவது சுலபமாகும்.

நான்கு வகைப் பாய்ச்சல்

எதிரே எதையாவது கண்டு நாய் பாய்கிறதே, அது எல்லாம் ஒரே வகை அல்ல.

ஒன்று, மகிழ்ச்சிப் பாய்ச்சல். உடம்பு முழுவதும் நெளியும். வால் அகலமாக, தளர்ச்சியாக ஆடும். "விளையாடலாம் வா" என்று அழைக்கிறது.

இரண்டு, பயப் பாய்ச்சல். காது பின்னால் மடியும். வால் தாழும். உடம்பு பின்வாங்கும், பிறகு குரைத்துக்கொண்டு முன்னே பாயும். "கிட்டே வராதே, எனக்குப் பயம்" என்று பொருள். பார்ப்பவர்கள் இதைக் கோபம் என்று நினைத்துவிடுவார்கள்.

மூன்று, வேட்டைப் பாய்ச்சல். பூனை, அணில், ஓடும் சைக்கிள் இவற்றைக் கண்டதும் வரும். முதலில் நாய் அசையாமல் உற்றுப் பார்க்கும். அடுத்த விநாடி பாயும்.

நான்கு, ஏமாற்றப் பாய்ச்சல். நாய்க்குப் போக ஆசை. கயிறு தடுக்கிறது. ஆத்திரம் பொங்குகிறது. அடுத்த தெரு நாயோடு நன்றாகப் பழகுகிற நாய் கூட, கயிறு கட்டியதும் குரைப்பது இதனால்தான்.

ஒன்று கவனியுங்கள். வாலை ஆட்டினால் நாய் அன்பாக இருக்கிறது என்று பலர் எண்ணுகிறார்கள். அது எப்போதும் சரி அல்ல. வால் விறைத்து, உயர்ந்து நின்று, வெடவெட என்று ஆடினால், அங்கே எச்சரிக்கை தேவை.

அடித்தால் என்ன?

"நாலு அடி போட்டால் சரியாகிவிடும்" என்பார்கள் சிலர். கழுத்தில் வெடுக்கென்று சுண்டி இழுப்பார்கள் சிலர். முள் வைத்த சங்கிலியைப் போடுவாரும் உண்டு.

இதனால் என்ன நடக்கும்?

ரஷியாவில் பாவ்லோவ் என்ற விஞ்ஞானி இருந்தார். ஜீரணம் பற்றிய ஆராய்ச்சிக்காக 1904-ல் நோபல் பரிசு பெற்றவர். நாய்க்கு உணவு கொடுக்கும் முன்பு, ஒவ்வொரு முறையும் ஓர் ஒலி கேட்கும்படி அவர் செய்தார். சில நாள் போனது. ஒலியைக் கேட்டாலே நாய்க்கு வாயில் எச்சில் ஊறியது! ஒலிக்குப் பிறகு உணவு வரும் என்று நாயின் மனத்தில் முடிச்சு விழுந்துவிட்டது.

நல்லதற்கு முடிச்சு விழுவது போலவே, கெட்டதற்கும் விழும்.

எதிரே வேறு நாய் வருகிறது. உங்கள் நாய் ஆசையோடு பாய்கிறது. நீங்கள் கழுத்தைச் சுண்டி இழுக்கிறீர்கள். வலிக்கிறது. மறுநாளும் அப்படியே. நாய் என்ன கற்றுக்கொள்கிறது? "இழுக்கக் கூடாது" என்றா? இல்லை. "வேறு நாய் வந்தால் கழுத்து வலிக்கும். அந்த நாய் கெட்ட நாய்!" என்று கற்றுக்கொள்கிறது. விளையாட்டாகப் பாய்ந்த நாய், நிஜமாகவே கடிக்கப் பாயத் தொடங்குகிறது.

கழுத்தில் மூச்சுக்குழாய் இருக்கிறது. ஓயாத இழுப்பு அதைப் புண்படுத்தும். நாய் இருமும், மூச்சு திணறும்.

சட்டமும் இதற்கு இடம் தரவில்லை. பிராணி வதைத் தடுப்புச் சட்டம் 1960-ல் இயற்றப்பட்டது. பிராணியை அடித்துத் துன்புறுத்துவது அதன்படி குற்றம். மிகக் குட்டையான, மிகக் கனமான சங்கிலியில் நெடுநேரம் கட்டி வைப்பதும் குற்றம். எப்போதும் கட்டிப்போட்டு வளர்க்கும் நாயை நடைக்கு அழைத்துப் போகாமல் இருப்பது கூடக் குற்றம்தான்!

எந்தக் கயிறு நல்லது?

முதலில் கருவிகளைச் சரி செய்யுங்கள்.

கயிறு 6 அடி நீளம் இருந்தால் போதும். துணிநாடா அல்லது தோல்வார் நல்லது. வழவழப்பான நைலான் கயிறு வேண்டாம். அது உள்ளங்கையை அறுத்துவிடும். இழுக்க இழுக்க நீளும் சுருள் கயிறும் இப்படிப்பட்ட நாய்க்கு ஆகாது. இழுத்தால் கயிறு நீளும் என்பதே அதற்குப் பாடமாகிவிடும்.

கழுத்துப் பட்டைக்குப் பதில், மார்பையும் தோளையும் சுற்றி அணியும் மார்புப் பட்டை வாங்குங்கள். அதில் கயிறு மாட்டும் வளையம் நெஞ்சுப் பக்கம் இருக்க வேண்டும். நாய் பாய்ந்தால், நெஞ்சில் மாட்டிய கயிறு அதை உங்கள் பக்கமே திருப்பிவிடும். வளையம் முதுகில் மட்டும் இருந்தால், வண்டி மாட்டுக்கு நுகத்தடி போட்டது போல ஆகிவிடும். நாய் இன்னும் வசதியாக இழுக்கும்.

பட்டைக்கும் உடம்புக்கும் இடையே இரண்டு விரல் நுழைய இடம் இருக்கட்டும். அக்குளில் உராய்ந்து புண் ஆகிறதா என்று தினமும் பாருங்கள்.

கையில் சுற்றாதீர்கள்!

இதைப் பெரிய எழுத்தில் எழுதி வாசலில் ஒட்டி வைக்கலாம். கயிற்றைக் கை விரலிலோ, மணிக்கட்டிலோ சுற்றிச் சுற்றிக் கட்டிக்கொள்ளாதீர்கள். நாய் பாய்ந்தால் விரல் முறியும். விழுந்த பிறகு கயிற்றை விடவும் முடியாது. தரையோடு இழுபட வேண்டியதுதான்.

கயிற்றின் கைப்பிடியை ஒரு கையின் கட்டைவிரலில் மாட்டி, உள்ளங்கையை மூடிப் பிடியுங்கள். மற்ற கையால் சற்றுத் தள்ளிப் பிடியுங்கள். இரண்டு கையையும் வயிற்றோடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். கையை நீட்டிப் பிடித்தால் தோள்பட்டை பிசகும்.

நாய் பாயப் போகிறது என்று தெரிந்தால், கால்களை அகற்றி, முழங்காலைச் சற்று மடக்கி நில்லுங்கள். கபடி விளையாடுகிறவர் நிற்பது போல! காலில் செருப்பு வேண்டாம். நழுவாத ஷூ அணியுங்கள்.

பாடம் முடியும் வரை, பலமான நாயைக் குழந்தைகளிடம் கொடுக்காதீர்கள். தாத்தா, பாட்டியிடம் கொடுக்காதீர்கள். கர்ப்பிணிகள் கையிலும் வேண்டாம். "நம்ம நாய்தானே" என்ற நம்பிக்கை ஒரு விநாடியில் எலும்பை முறித்துவிடும்.

முதல் பாடம் வீட்டுக்குள்ளே

நீந்தத் தெரியாதவனை நடுக்கடலில் தள்ளிப் பாடம் சொல்ல மாட்டோம். தெரு என்பது நாய்க்கு நடுக்கடல். ஆகவே பாடத்தை வீட்டுக் கூடத்தில் தொடங்குங்கள். மொட்டை மாடியும் நல்ல இடம்.

வேக வைத்த கோழிக்கறியை உப்பு, மசாலா இல்லாமல் கடலைப் பருப்பு அளவுக்கு நறுக்கிக்கொள்ளுங்கள். சைவ வீடு என்றால் பனீர் துண்டு, வேக வைத்த காரட் போதும். நாயின் தினப்படிச் சாப்பாட்டில் அந்த அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் நாய் குண்டாகிவிடும். சாக்லெட், திராட்சை, வெங்காயம் இவற்றை ஒருபோதும் கொடுக்காதீர்கள். நாய்க்கு அவை விஷம்.

இப்போது நாயைக் கயிற்றில் பிடித்து நடங்கள். உங்கள் முழங்காலுக்குப் பக்கத்தில் நாய் வந்த அந்தக் கணமே "சபாஷ்!" என்று சொல்லுங்கள். உடனே ஒரு துண்டு கொடுங்கள். உங்கள் காலோரமாகவே கையைத் தாழ்த்திக் கொடுங்கள்.

இரண்டு அடி நடங்கள். "சபாஷ்!" ஒரு துண்டு. மறுபடி இரண்டு அடி. மறுபடி ஒரு துண்டு. பிறகு ஐந்து அடிக்கு ஒன்று. அதன் பிறகு பத்து அடிக்கு ஒன்று.

நாய்க்கு என்ன புரியும்? "இந்த மனிதர் பக்கத்தில் நடந்தால் லாபம்!"

ஒரு தடவைக்கு 5 நிமிடம் போதும். ஒரு நாளைக்கு மூன்று தடவை செய்யலாம். நாய் சலித்துப் போகும் முன்பே பாடத்தை நிறுத்துங்கள்.

நில்லுங்கள், மரம் போல!

அடுத்தது ஆள் நடமாட்டம் இல்லாத தெரு.

நாய் இழுக்கிறது. கயிறு விறைக்கிறது. உடனே நின்றுவிடுங்கள். திட்டாதீர்கள். சுண்டாதீர்கள். மரம் போல நில்லுங்கள்.

நாய் இழுத்துப் பார்க்கும். முனகும். குரைக்கும். நீங்கள் அசையாதீர்கள். கொஞ்ச நேரத்தில் "இவருக்கு என்ன ஆயிற்று?" என்று திரும்பிப் பார்க்கும். கயிறு தளரும். அந்தக் கணம் "சபாஷ்!" என்று சொல்லி, மறுபடி நடங்கள்.

இழுத்தால் நடை நிற்கும். தளர்ந்தால் நடை தொடரும். இதுதான் சட்டம்.

முதல் நாள், அரை மணி நேரத்தில் நான்கு வீடு தாண்டியிருக்க மாட்டீர்கள். பால்காரர் சிரிப்பார். சிரிக்கட்டும்! நடுவில் ஒரு கட்டம் வரும். நாய் முன்னைவிடப் பலமாக இழுக்கும். "இது வேலைக்கு ஆகாது" என்று தோன்றும். மனம் தளராதீர்கள். பூட்டின கதவை முதலில் தள்ளிப் பார்ப்போம். திறக்காவிட்டால் ஓங்கித் தள்ளுவோம். அதன் பிறகுதான் விடுவோம். நாயும் அதைத்தான் செய்கிறது.

நின்று நின்று அலுத்துவிட்டால், இன்னொரு வழி. கயிறு விறைக்கும் முன்பே, "இப்படி வா" என்று மகிழ்ச்சியோடு அழைத்து, எதிர்ப்பக்கம் திரும்பி நடங்கள். நாய் ஓடி வந்து சேர்ந்ததும் ஒரு துண்டு. "எந்த நிமிடம் இவர் எந்தப் பக்கம் திரும்புவாரோ!" என்று நாய் உங்கள் மேல் ஒரு கண் வைக்கத் தொடங்கும்.

எதிரே நாய் வந்தால்?

நம் ஊர்த் தெருக்களில் இதுதான் பெரிய சோதனை. ஒவ்வொரு முனையிலும் தெரு நாய்கள். ஒவ்வொன்றும் தன் எல்லைக்குத் தானே ராஜா!

இதற்கு மருந்து தூரம்தான்.

உங்கள் நாய் எத்தனை அடி தூரத்தில் மற்ற நாயைக் கண்டால் பாய்கிறது என்று பாருங்கள். 50 அடியில் பாய்கிறதா? அப்படி என்றால், 80 அடியிலேயே நின்றுவிடுங்கள். அந்தத் தூரத்தில் உங்கள் நாய் பார்க்கும், ஆனால் பாயாது. அது பார்த்ததும் ஒரு துண்டு கொடுங்கள். மறுபடி பார்த்தால், மறுபடி ஒரு துண்டு. மற்ற நாய் மறைந்ததும், கொடுப்பதை நிறுத்துங்கள்.

பாவ்லோவின் முடிச்சு இங்கே நமக்கு உதவுகிறது. "வேறு நாய் தெரிந்தால் கோழிக்கறி வரும்!" சில வாரங்கள் போனதும், மற்ற நாயைக் கண்டவுடன் உங்கள் நாய் உங்கள் முகத்தைப் பார்க்கும். அந்தப் பார்வைதான் வெற்றியின் முதல் படி. அதன் பிறகு தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். அவசரம் வேண்டாம்.

குறுகிய சந்தில் தூரம் எங்கே கிடைக்கும்? நிற்கும் கார், ஆட்டோ இவற்றின் பின்னால் ஒதுங்குங்கள். ஒரு கேட்டுக்குள் நுழைந்துகொள்ளுங்கள். வந்த வழியே திரும்புங்கள். தெரு நாய்கள் கூட்டமாகத் தூங்கும் வழியை விட்டு, வேறு வழி போங்கள். இது கோழைத்தனம் அல்ல, கெட்டிக்காரத்தனம்.

தெரு நாய் நெருங்கிவிட்டால் ஓடாதீர்கள். ஓடினால் துரத்தும். அமைதியாக, மெல்ல விலகுங்கள். கையில் உள்ள தின்பண்டத்தை அந்த நாய் முன்னால் இறைத்துவிட்டால், அது பொறுக்கித் தின்னும் நேரத்தில் நீங்கள் தப்பிக்கலாம்.

உங்கள் நாய் பாய்ந்தே விட்டது என்றால், அப்போது பாடம் சொல்ல முடியாது. அதன் காதில் எதுவும் ஏறாது. அங்கிருந்து நகருவதுதான் வேலை. நாளை இன்னும் அதிக தூரத்திலிருந்து தொடங்குங்கள்.

மூக்குக்கும் வேலை கொடுங்கள்

வீட்டில் நாள் முழுவதும் அடைந்து கிடக்கும் நாய், வாசல் திறந்ததும் பாயத்தான் செய்யும். ஆகவே நடைக்குப் போகும் முன்பு, மாடியில் 10 நிமிடம் பந்து விளையாட விடுங்கள்.

காலை மட்டும் களைப்படையச் செய்தால் போதாது. மூக்கையும் களைப்படையச் செய்ய வேண்டும். சாப்பாட்டில் கொஞ்சத்தைப் பழைய துணியில் சுருட்டி வையுங்கள். தென்னந்துடைப்பக் கட்டுக்குப் பின்னால், பழைய அட்டைப் பெட்டிக்குள் ஒளித்து வையுங்கள். நாய் தேடிக் கண்டுபிடிக்கட்டும்.

நடையிலும் இடையிடையே "போய் முகர்" என்று அனுமதி கொடுங்கள். கயிற்றைத் தளர்த்திப் பிடித்தால் கம்பத்தடிக்குப் போகலாம் என்பதே நாய்க்குப் பெரிய பரிசு.

கதவைத் திறக்கும்போதும் ஒரு நிதானம் வேண்டும். நாய் துள்ளினால் கதவு திறக்காது. நான்கு காலும் தரையில் இருந்தால் கதவு திறக்கும். படபடப்போடு தொடங்கும் நடை, படபடப்போடுதான் முடியும்.

வெயிலை மறக்காதீர்கள். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வேர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. தார் ரோட்டில் புறங்கையை வைத்துப் பாருங்கள். உங்களால் சில விநாடிகள் பொறுக்க முடியாவிட்டால், நாயின் பாதமும் பொறுக்காது. அதிகாலையிலும், பொழுது சாய்ந்த பிறகும் போவதே நல்லது.

வீட்டுக்கு ஒரே சட்டம்

அப்பா நிற்கிறார். அம்மாவும் நிற்கிறார். அண்ணன் மட்டும் நாயோடு சேர்ந்து ஓடுகிறான்! இப்படி இருந்தால் பாடம் தேறாது.

பத்து தடவையில் ஒரு தடவை இழுத்துப் பலன் கிடைத்தாலும் போதும். "இன்னொரு தடவை இழுத்துப் பார்ப்போம்" என்று நாய் நினைக்கும். லாட்டரிச் சீட்டு வாங்கியவர், பத்தில் ஒன்று விழுந்தால் வாங்குவதை விட்டுவிடுவாரா?

ஆகவே வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லைச் சொல்லுங்கள். ஒருவர் "உட்கார்" என்றும், இன்னொருவர் "சிட்" என்றும், தாத்தா "குந்துடா" என்றும் சொன்னால் நாய் என்ன செய்யும்? பாவம்!

டாக்டரிடம் எப்போது போவது?

திடீர் என்று நாயின் குணம் மாறினால், முதலில் உடம்பைக் காட்டுங்கள். காதுவலி, மூட்டுவலி இருந்தாலும் நாய் சீறும். அதற்கு வாய் இருக்கிறது, பேச்சு இல்லை.

கடிக்கும் எண்ணத்தோடு பாய்கிறது என்றாலும், ஒருவரைக் கடித்துவிட்டது என்றாலும், வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொண்டு இராதீர்கள். கால்நடை டாக்டரிடம் போங்கள். சென்னை வேப்பேரியில், 1903-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி இருக்கிறது. மற்ற ஊர்களில் அரசாங்கக் கால்நடை ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. அப்படிப்பட்ட நாய்க்கு, வெளியே போகும்போது வாய்மூடி போடுவது அவசியம். கூடை போன்ற வாய்மூடியாக இருக்க வேண்டும். அதற்குள் நாய் வாயைத் திறந்து மூச்சுவிட முடியும். தண்ணீரும் குடிக்க முடியும்.

வெறிநாய்க்கடி தடுப்பு ஊசியைத் தவறாமல் போடுங்கள். நாய் யாரையாவது கடித்தால், நகத்தால் கீறினாலும் கூட, காயத்தை ஓடும் தண்ணீரிலும் சோப்பாலும் 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு எதுவும் வைக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வெறிநோய் வந்துவிட்டால் பிழைப்பது மிக மிக அரிது. வரும் முன்பு ஊசி போட்டால் தடுத்துவிடலாம்.

நாய் வளர்ப்பவர்கள் சட்டத்தையும் அறிந்திருப்பது நல்லது. பிராணியால் மற்றவர்களுக்கு ஆபத்து நேராதபடி காக்கத் தவறினால், 6 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் உண்டு. 2024 ஜூலை 1-ந்தேதி நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-வது பிரிவு இது. "என் நாய் ஒன்றும் செய்யாது" என்ற பதில் கோர்ட்டில் செல்லாது. தெருவில் பயந்து ஒதுங்கும் குழந்தையிடமும் செல்லாது!

எத்தனை நாள் ஆகும்?

ஒரு வாரத்தில் அதிசயம் நடக்காது. சில நாய்கள் சில வாரங்களில் திருந்தும். சில நாய்களுக்குப் பல மாதங்கள் ஆகும். நேற்று ஒழுங்காக நடந்த நாய், இன்று மறுபடி இழுக்கும். அது சகஜம்.

ஒரு காலண்டரில் தினமும் குறித்து வையுங்கள். இன்று எத்தனை முறை பாய்ந்தது? 20 முறையா? அடுத்த மாதம் அதே தேதியில் பாருங்கள். 12 ஆகி இருந்தால் அது முன்னேற்றம்தான். நம் கண்ணுக்குத் தெரியாத முன்னேற்றம், காலண்டரில் தெரியும்.

நாய் சுமார் 10, 12 ஆண்டுகள் நம்மோடு வாழ்கிறது. அதில் சில மாதங்களைப் பாடத்துக்குக் கொடுத்தால், மிச்ச ஆண்டுகள் முழுவதும் அது தலை நிமிர்ந்து தெருவில் நடக்கும். கொடுக்காவிட்டால், அத்தனை ஆண்டும் சங்கிலியில் கிடக்கும்.

நாயின் வாழ்வு சங்கிலியிலா, தெருவிலா? அதை முடிவு செய்வது நாய் அல்ல. கயிற்றைப் பிடித்திருக்கும் கைதான்!